காற்றோடு கோபித்துக்கொண்டவர்

அவரை நான் முதன்முதலில் கண்டபோது, எங்கள் தோட்டச் சங்கத்தின் வாசற்கதவுக்குள் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார். அந்தக் கதவுக்கு மேலே சட்டமோ வளைவோ கிடையாது. வானம் மட்டுமே இருந்தது. அவருடைய உயரமும் ஐந்தடியை எட்டாது.

“என்னக்கா, தலை இடிக்கும் எண்டு பயமோ?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. காத்து மேலாலை போகட்டும் எண்டு.”

அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

லண்டனின் தென்கோடியில் இருக்கும் மோர்டனில், வீடுகளின் முதுகுப்பக்கம், கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. மாடி வீடுகளில் அடைபட்டவர்கள் அங்கே வந்து வெங்காயமும் அவரையும் போட்டு, அடுத்தவரின் பூசணியைப் பார்த்துப் பொறாமைப்படலாம். நான் கவுன்சிலின் திட்டமிடல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். பிறத்தியாரின் வேலி அனுமதிக்கு மேல் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று அளப்பதில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அதன் பிறகு செய்ய என்ன இருக்கிறது? சங்கத்தின் செயலாளரானேன். விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் நான் ஒருவனே என்பதால் போட்டி இருக்கவில்லை.

அக்காவின் துண்டு என்னுடையதற்குப் பக்கத்தில். அதில் முழங்காலுக்கு மேலே எதுவும் வளர அனுமதியில்லை. அவரைக்குப் பந்தல் கிடையாது. அது நிலத்தில் ஊர்ந்தது. தக்காளி படுத்திருந்தது. மிச்ச இடம் முழுக்கப் பெரிய பறவைகள் கைவிட்டுப்போன கூடுகளைப் போல உருண்டை உருண்டையாக ஏதோ கிடந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் திராட்சைக் கொடிகள். கொடியைக் கம்பியில் ஏற்றாமல், நிலத்தோடு வட்டம் வட்டமாக வளைத்து, கூடை பின்னுவதுபோலப் பின்னியிருந்தார். இலைகள் வெளியே, குலைகள் கூடைக்குள்ளே, அடைகாக்கும் முட்டைகள் மாதிரி.

“இது சான்டோரினி முறை,” என்றார். “கிரேக்கத் தீவு. அங்கை அடிக்கிற காத்துக்குக் கொடி நிமிர்ந்தா முறிஞ்சு போம். அதாலை குந்தவைச்சிருக்கினம்.”

எனக்கு மறுபக்கத்துத் துண்டு ஒரு மலேசியத் தமிழருடையது. படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். யாருக்கும் நல்ல யோசனை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

“அக்கா, நாலு கம்பு நட்டு மேலே ஏத்தி விடுங்களேன். வெயில் கிடைக்கும். கம்பு நானே தர்றேன் லா.”

“ஏன், காத்துக்குக் கைகாட்டவோ?”

அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

அக்கா நெடுந்தீவில் பிறந்தவர். அங்கே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கதைக்கிற கதையே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்பார். அது அவருக்கு எப்போது சொந்தப் பகையாயிற்று என்பது தெரியாது. ஒருமுறை தன் கலியாணப் படத்தைக் காட்டினார். மாதா கோவில் வாசலில் எடுத்த படம். மாப்பிள்ளை தெரிகிறார், குருவானவர் தெரிகிறார், தோழிப்பெண், இரண்டு பக்கத்துச் சித்தப்பாமார், ஓர் ஆடு எல்லாம் தெளிவாகத் தெரிகிறார்கள். நடுவில், முகத்தின் மேல் முக்காடு பறந்து ஒட்டிக்கொண்ட ஓர் உருவம்.

“என்ரை கலியாணத்திலை என்னைத் தவிர எல்லாரும் நிக்கினம், பாத்தீரோ? ஆடு கூட.”

“திரும்ப எடுத்திருக்கலாமே அக்கா?”

“எடுத்தது. அதிலை மாப்பிள்ளையின்ரை வேட்டி.”

அந்தப் படத்தை அவர் காட்டவில்லை.

லண்டனுக்கு வந்தும் பகை தீரவில்லை. இரட்டைத் தட்டு பஸ்ஸில் மேல்தட்டுக்கு அவர் ஏறியதே கிடையாது. வீட்டில் கதிரைக் கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருந்தார். விருந்துக்குப் போனவர்கள் முழங்காலுக்கு மேலாகத் தலையை எட்டிப் பார்த்துக் கதைக்க வேண்டும். நிலத்தடி ரயில் நிலையங்களில், ரயில் வருவதற்கு முன் சுரங்கத்திலிருந்து ஒரு காற்றுத் தள்ளிக்கொண்டு வருமே, அது வந்ததும் தூணுக்குப் பின்னால் குந்திவிடுவார். ஒருநாள் என்னோடு வந்தபோதும் அப்படிக் குந்தினார். மயங்கிவிட்டார் என்று எண்ணி ஒரு வெள்ளைக்காரப் பெண் கூச்சலிட்டாள். நிலையப் பணியாளர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார். அக்கா எழுந்து, சேலையைத் தட்டி, அந்த நாற்காலியைக் கவனமாகப் பார்த்தார். “நல்ல பதிவான கதிரை. எங்கை வாங்கினவை எண்டு கேளும்,” என்றார். நான் கேட்கவில்லை.

சான்டோரினி அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது விம்பிள்டன் வழியாக. அங்கே ஒரு கிரேக்க அம்மாவை அக்கா பல வருடம் வேலைக்கிருந்து பராமரித்தார். அந்த அம்மா கப்பல் கப்டன் ஒருவரின் விதவை. அந்தத் தீவில் பிறந்தவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பாதி. அக்காவுக்குத் தெரிந்ததும் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகவில்லை. ஆனாலும் இருவரும் பகல் முழுக்கக் காற்றைத் திட்டினார்கள். அந்தத் தீவில் கோடை முழுவதும் வடக்கேயிருந்து ஒரு காற்று வருமாம். சோளகத்தின் அக்காவாக இருக்க வேண்டும் என்று எங்கள் அக்கா கணித்தார்.

அந்த அம்மாவின் பின்வளவில் இந்தக் கூடைக் கொடிகள் நின்றன. அவை எப்படி அங்கே வந்தன என்று ஒருமுறை விசாரித்தேன். சூட்கேசில், உள்ளாடைகளுக்கு நடுவில் என்றார். தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அம்மா இறந்ததும் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் பின்வளவுக்குக் கல் பதித்தார்கள். அதற்கு முன், சாகும் தறுவாயில், அந்த அம்மா கொடியின் தடிகளை வெட்டி அக்காவின் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொடுத்திருந்தார்.

“இந்த நாட்டிலை கையெழுத்து வாங்காமல் எனக்கு ஒராள் தந்தது உது ஒண்டுதான்,” என்பார் அக்கா.

அவர் இருந்தது மூன்றாம் மாடியில். பல்கனி இல்லை. இருந்திருந்தாலும் சுவர் எழுப்பி அடைத்திருப்பார். ஆகவே அந்தக் கொடிகளுக்கு உலகத்தில் இருந்த ஒரே மண் எங்கள் சங்கத்தின் அந்தத் துண்டு மண்தான்.

பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து அவர் வரலாறு சொல்வார். மூவாயிரம் வருடத்துக்கும் முன்னே எரிமலை வெடித்து நடுத்தீவு கடலுக்குள் போனதாம். மிஞ்சிய விளிம்பில் சாம்பல் மூடி, அந்தச் சாம்பலில் திராட்சை வந்ததாம். மழை கிடையாது; வேர்கள் பனிமூட்டத்தைக் குடித்து வாழுமாம். பின்னர் வெனிசுக்காரர் வந்தார்கள்.

“எங்களிட்டைப் பறங்கி வந்தமாதிரி. கோவிலும் கட்டி, கோட்டையும் கட்டி, வைனைக் கப்பலிலை ஏத்தினவை. பேந்து துருக்கியர். அவங்கள் குடிக்காதவங்கள், வரியை மட்டும் குடிச்சவங்கள். ரஷ்யாக் கோவிலிலை பூசைக்கு இந்த வைன்தான். ஆர் வந்தாலும் போனாலும் கொடி குந்திக்கொண்டு கிடந்தது, கண்டீரோ.”

நூலகத்தில் போய்ச் சரிபார்த்தேன். அது என் தொழில் நோய். பாதி சரி. மிச்சப் பாதியைப் பற்றி எழுதியவர்களே ஒருவரோடொருவர் சண்டை. ஐரோப்பாவின் திராட்சைகளையெல்லாம் ஒரு காலத்தில் வேரோடு தின்ற பூச்சி அந்தச் சாம்பல் மண்ணில் பிழைக்க முடியாமல் போனது என்பது உண்மை. ஆதலால் கூடை கிழடு தட்டினால் மேற்பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். அதே பழைய வேர் புதுக் கொடி விடும். அதை மறுபடி கூடையாக வளைப்பார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா தேநீரைக் கீழே வைத்துவிடுவார்.

அவர் மது அருந்துகிறவர் அல்ல. “பூசையிலை சுவாமி தந்தா ஒரு சொட்டு,” என்பார். ஆனால் வைன் செய்தார். அதுவும் சாதாரண வைன் அல்ல; அந்தத் தீவின் பேர்போன வின்சான்டோ. பழத்தைப் பறித்ததும் பிழியக் கூடாது. வெயிலில் பரப்பி வற்றவிட்டு, இனிப்பு இறுகிய பிறகே பிழிந்து, மெல்ல மெல்லப் புளிக்கவைக்க வேண்டும். சான்டோரினியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மோர்டனில் என்ன செய்வது? வெளியே பரப்பினால் காற்று வேறு தொட்டுவிடும்.

அக்கா கண்டுபிடித்த வழி கார்கள். கண்ணாடி மூடி வெயிலில் நிற்கிற காருக்குள் சூடு உண்டு, காற்று இல்லை. முதலில் அகப்பட்டவர் மலேசியர். இரண்டு நாள் கழித்து அவருடைய காரின் முன்கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் திராட்சைத் தட்டு, பின்கண்ணாடியோரம் இன்னொன்று, உள்ளே குளவிகள்.

“என்ன அக்கா, ஆபீஸ் போற கார் லா இது! எல்லாரும் நான் குடிச்சிட்டு ஓட்டறேன்னு நினைக்கிறாங்க!”

“குடிக்கிறனெண்டு நினைச்சா நினைக்கட்டும். கண்ணாடியை மட்டும் இறக்கிப்போடாதேங்கோ.”

அடுத்த வருடம் விளைச்சல் கூடிவிட்டது. லண்டனின் மறுகோடியில், செவன் கிங்ஸில் இருந்த தன் மச்சாளிடம் பழத்தையெல்லாம் அனுப்பினார். மச்சாள் கோவில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர். ஞாயிறு பூசைக்கு வருகிற ஒவ்வொரு காரையும் மறித்துத் தட்டு ஏற்றினார். கோவில் வாகனத் தரிப்பிடம் முழுக்க, செபமாலை தொங்கும் கண்ணாடிகளுக்குக் கீழே திராட்சை வாடிக்கொண்டிருந்தது. பார்வையிட என்னையும் அழைத்துக்கொண்டு அக்கா போனார். ஒரு காரைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். உடனே துப்பினார்.

“மச்சாள்! இதென்ன வெள்ளையாக் கிடக்குது?”

“உப்பு.”

“ஆர் போடச் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? காயப்போடுறதெண்டா உப்புப் பிரட்டாமலோ போடுறது? நீ ஒரு நாளும் மிளகாய் காயப்போட்டதில்லையோ?” என்றார் மச்சாள். பிறகு சற்று இறங்கி, “மோர் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. அதாலை மோர் விடேல்லை,” என்று சமாதானம் சொன்னார்.

துணியால் துடைத்துப் பார்த்தார்கள். உப்பு ஊறவேண்டிய அளவு ஊறியிருந்தது. ஒரு வருட விளைச்சலை எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை. பிழிந்து, புளிக்கவைத்து, போத்தலில் அடைத்தார். செம்பழுப்பு நிறத்தில் பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. ருசி, தேனில் ஊறிய கருவாட்டுக்கு நெருங்கிய உறவு.

அடுத்த வசந்தத்தில் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். நிமிர்ந்த ஆங்கிலேயர். அவருடைய அவரைக் கம்புகள் இராணுவ அணிவகுப்பைப் போல நிற்கும். கயிறு கட்டித்தான் வெங்காயம் நடுவார். அக்காவின் துண்டின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “இதைக் கைவிட்டவர் எந்த வருடம் இறந்தார்?” என்று கேட்டார். கூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்த அக்கா எழுந்து கையசைத்தார். அது உதவவில்லை.

பயிரிடப்படாத துண்டைச் சங்கம் திருப்பி எடுக்கலாம் என்பது விதி. சுள்ளிக் குவியல் பயிராகாது என்பது தலைவரின் முடிவு; குழுவும் தலையாட்டியது. நோட்டீஸ் எழுத வேண்டியவன் செயலாளர். எழுதினேன். பிழையில்லாத நோட்டீஸ். அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“என்னவாம்?”

“துண்டைத் திருப்பி எடுக்கப்போகினம், அக்கா.”

“கொடி?”

“பிடுங்குவினம்.”

அவர் வாளியில் அமர்ந்தார். “மேலை வெட்டினாத் தழைக்கும் தம்பி. வேரிலை கை வைச்சா முடிஞ்சுது. நான் உதுகளைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறது? மூண்டாம் மாடியிலையோ?”

“கம்பு நட்டு, கம்பி இழுத்து, மேலை ஏத்தினால் விட்டுடுவினம். கேட்டுப் பாத்தனான்.”

“அது நடவாது.”

“உலகம் முழுக்கக் குனியச் சொல்லுறியள். ஒருக்கா நீங்கள் குனிஞ்சால் என்ன அக்கா?”

“அவர் நிமிரச் சொல்லுறார், தம்பி. அது வேறை.”

விதிப் புத்தகத்தில் இன்னொரு வாசல் இருந்தது. இலையுதிர்காலக் கண்காட்சியில் ஒரு துண்டின் விளைபொருள் ஏற்கப்பட்டு மதிப்பிடப்பட்டால், அந்தத் துண்டு பயிரிடப்பட்டதாகவே கொள்ளப்படும். கண்காட்சியில் வீட்டு வைனுக்கு ஒரு பிரிவு உண்டு. முதல் வருடத்தது தீர்ந்துவிட, அக்காவிடம் மிஞ்சியிருந்தது உப்பு வைன் மட்டும். புதுக்குலைகள் இன்னும் பச்சை. அதையே பதிந்தேன்.

கண்காட்சி நாளன்று, சங்கக் கொட்டகையில் வைன், ஊறுகாய், பூசணி எல்லாவற்றுக்கும் ஒரே நடுவர். வெளியிலிருந்து வந்த பெண்மணி. கழுத்தில் பட்டுத்துணி, கையில் சொந்தக் கிண்ணம். அடுத்தவர்களின் எல்டர்பெரி வைனையும் ருபாப் வைனையும் உறிஞ்சி வாளியில் துப்பிக்கொண்டு வந்தார். அக்காவின் போத்தலுக்கு வந்ததும் உறிஞ்சினார், துப்பவில்லை. கண்ணை மூடினார்.

“இது எந்தத் திராட்சை?”

“அசிர்டிகோ,” என்றேன். “சான்டோரினிக் கொடி.”

“தெரிகிறது! இந்த உப்புத்தன்மை! அந்தத் தீவின் முத்திரையே இதுதான். மோர்டனில் இதை எப்படி எடுத்தார்கள்?” தலைவரின் முகம் இறங்கியது. துண்டு தப்பிவிட்டது என்று நானும் மூச்சை விட்டேன்.

நடுவரோ நிறுத்தவில்லை. கையை அலைபோல அசைத்து நீண்ட விளக்கம் கொடுத்தார். அக்கா என் சட்டைக்கையை இழுத்தார்.

“என்னவாம்?”

“அந்தத் தீவிலை கடற்காத்து உப்பைக் கொண்டந்து பழத்திலை பூசுமாம். அந்தக் காத்தின்ரை ஞாபகம் உங்கட கொடிக்குள்ளை இருக்காம். காத்துத்தான் இந்த வைனைச் செய்ததாம்.”

அக்காவின் முகம் கறுத்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தால் முதற்பரிசு. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

“நோ!” என்றார், கொட்டகை முழுக்கக் கேட்க. “நோ விண்ட்! சோல்ட். மை சிஸ்டர்-இன்-லோ. செவன் கிங்ஸ்.”

நடுவர் இதை ஒரு பழமொழியாக எடுத்துக்கொண்டு ஆமோதித்துப் புன்னகைத்தார். அக்கா விடவில்லை. “தம்பி, வடிவாச் சொல்லும். போத்தல் உப்பு. சுப்பர்மார்க்கெட்டிலை வாங்கினது. காருக்குள்ளை பிரட்டினது. காத்துக்கு இதிலை ஒரு சொட்டுப் பங்கும் இல்லை எண்டு சொல்லும்!”

சொன்னேன். நடுவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு வாளியைத் தேடினார். வைன் பிரிவின் விதிப்படி திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட் தவிர வேறொன்றும் சேர்க்கக் கூடாது. வருத்தத்தோடு ‘அட்டவணைப்படி இல்லை’ என்று எழுதிப் போத்தலைச் சரித்து வைத்தார். ஏற்கப்படவில்லை. மதிப்பிடப்படவில்லை. தலைவர் மறுபடி நிமிர்ந்தார்.

“எனக்கெண்டு ஒரு சொட்டு மண்ணும் இல்லாமல் போச்சோ, தம்பி?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

“பொறுங்கோ.”

தவறான பிரிவில் வைக்கப்பட்ட பொருளை, மதிப்பீடு முடிவதற்கு முன் சரியான பிரிவுக்கு மாற்றும் அதிகாரம் செயலாளருக்கு உண்டு. அந்த விதியை இதுவரை எவரும் பயன்படுத்தியதில்லை. அப்படி ஒன்று இருப்பது எவருக்கும் தெரியாது. ஊறுகாய்ப் பிரிவின் வரையறையை உரக்க வாசித்தேன்: துண்டில் விளைந்த காய் அல்லது கனி, உப்பிலோ புளிப்பிலோ இனிப்பிலோ பேணப்பட்டது.

“கனி. உப்பு உண்டு. புளிப்பு உண்டு. இனிப்பும் உண்டு,” என்றேன். “ஒன்றே போதும். இதில் மூன்றும் இருக்கின்றன.”

தலைவர் புத்தகத்தை வாங்கி வாசித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். நான் போத்தலைத் தூக்கி அடுத்த மேசையில், அவருடைய பச்சைத் தக்காளிச் சட்னிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பிரிவில் அந்த இரண்டும்தான்.

நடுவர் கடமை தவறாதவர். வைனைக் கரண்டியால் பிஸ்கட்டில் ஊற்றிக் கடித்தார். நிறம் நன்று என்று எழுதினார். காய்த் துண்டுகள் இல்லை, மிகவும் தண்ணீராக இருக்கிறது என்றும் எழுதினார். சட்னிக்கு முதலிடம். மூவாயிரம் வருட வரலாற்றுக்கு இரண்டாமிடம். மலேசியர் கைதட்டினார்.

“அக்கா, ஏத்துக்கொண்டாங்க லா! துண்டு உங்களுக்குத்தான்!”

அக்கா ஒரு கணம் கையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைவருக்கு முன்னால் போய் நின்றார். சட்னிப் போத்தலில் விரலை விட்டு நக்கினார். அந்த நெடிய மனிதர் அவருடைய முகத்தைப் பார்க்க இடுப்புவரை குனிய வேண்டியிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் அக்கா. “உப்புத்தான் காணாது. என்ரை மச்சாளின்ரை நம்பரை இவருக்குக் குடும், தம்பி.”